தனித் தூளி

கொழந்தைய இப்படிக் குடுங்க அம்மிணி. ஒரு கையில புள்ளையும் ஒரு கையில கம்பியுமா எத்தனை நேரம் நிப்பீங்க, ராசிபுரம் போக இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். என்ற மடியில இருக்கட்டும். அழமாட்டான். எங்கிட்ட எந்தப் புள்ளையும் அழாது. பாருங்க, ஒட்டிக்கிட்டான். பத்து கிலோ இருக்கான். பத்தேகால்னு வெச்சிக்குங்க. போன வாரம் ஊசி போடறப்ப எவ்வளவு சொன்னாங்க? பத்து இருநூறா. பாத்தீங்களா. இருபத்தேழு வருசமா பால்வாடி டீச்சருங்க நான். தவமணி டீச்சருன்னா எங்க பக்கம் தெரியாத ஆளு இல்ல. எனக்குத் தராசே வேண்டியதில்ல, கையில வாங்கினா எடை சொல்லிப்போடுவேன்.

அப்படிப்பட்டவள இன்னைக்கு ஜில்லா ஆபீசுல நிக்க வெச்சிக் கேள்வி கேட்டாங்க. காலைல பத்து மணிக்கு வரச் சொல்லி, மூணு மணி வரைக்கும் விசாரணை. எதுக்குன்னா, ஒரு புள்ளையோட எடையத் தப்பா எழுதிட்டேனாம். நானு. எடைய. சோறு கூட எறங்கல, கொண்டுபோன டப்பா அப்படியே பையில இருக்குது.

எல்லாம் ஒரு பொம்பளையால வந்தது. நான் இத யாருகிட்டயும் வாயத் தொறந்து சொன்னதில்ல. ரகசியம்னா ரகசியம், எங்க வேலைக்கு அது முக்கியம். உங்ககிட்டத்தான் மொத மொதல்ல சொல்றேன். நீங்க யாரோ நான் யாரோ, எறங்கினா போயிருவீங்க. அவ பேரு கோகிலவாணி. எங்க வேலாங்காட்டுப்புதூர்ல மாரியாயி கோயிலுக்குப் பின்னால மூணாவது வீடு, நீலக் கதவு. புருசன் பூபதி ரிக் வண்டியில வேலை. போர் போடற வண்டிங்க. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர்னு கெளம்பினா ஆறு மாசம் எட்டு மாசம் ஊருப் பக்கமே தலை காட்டமாட்டான். அவன் பாவம். உழைக்கிற பையன். இவளப் பத்தித்தான் எனக்கு ஆரம்பத்துலயிருந்தே நல்ல எண்ணமில்ல.

போன வருசம் மாசமானா. நாலாம் மாசம் நர்சம்மா ரத்தம் எடுத்தாங்க. அதுலயிருந்து அவ மூஞ்சியே சரியில்ல. மத்த மாசக்காரிங்க பால்வாடிக்கு வந்தா ஒக்காந்து நாயம் பேசிட்டுப் போவாங்க. இவ சத்துமாவு பாக்கெட்ட வாங்கினதும் பொக்குனு போயிருவா. சாயங்கால பஸ்ஸுல பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரான்னு கண்டக்டர் சொன்னாரு. நர்சம்மாகிட்டக் கேட்டேன். "அது உங்களுக்கு எதுக்குங்க டீச்சர்"னாங்க. இருபத்தேழு வருசம் சர்வீஸ் போட்டவளுக்கு, முந்தாநேத்து வந்த பொண்ணு சொல்ற பதிலப் பாருங்க.

ஆடி மாசம் பொறந்துச்சு. பொட்டப்புள்ள. நாளு நெறையறதுக்கு முன்னாலயே வந்துருச்சு, ரெண்டே கிலோ. பேரு மகிழினியாம். பேருக்கு ஒண்ணும் கொறைச்சலில்ல. பொறந்த ஏழாம் நாளு நாங்க வீட்டுக்குப் போய்ப் பாக்கோணும், அது எங்க வேலை. போனேன். அவ தண்ணி கொண்டாரேன்னு உள்ள போனா. நான் செவுத்து அலமாரியச் சும்மா பாத்தேன். பவுடர் டப்பாவுக்குப் பின்னால ரெண்டு மருந்து பாட்டில், ஊசியில்லாத சிரிஞ்சு ஒண்ணு. ஏழு நாள் புள்ளைக்கு எதுக்கு ரெண்டு மருந்து? எடுத்துப் பேர எழுதிக்கிட்டேன். பொறுப்பு இருக்குதுங்கல்ல. திரும்பறேன், அவ சொம்போட நிக்கறா. பாட்டில் என்ற கையில. அவ சொம்ப நீட்டினபடியே நின்னா. நான் தண்ணி குடிக்கல.

ராசிபுரத்துல என்ற சித்தப்பன் மகன் மருந்துக்கடை வெச்சிருக்கான். அவங்கிட்டச் சீட்டக் காட்டினேன். அவன் வெளியாளுங்களா? பாத்ததும் கொரலத் தாழ்த்திக்கிட்டு, "அக்கா, இது எய்ட்ஸ் கிருமி இருக்கிற அம்மாவுக்குப் பொறக்கற புள்ளைக்குக் குடுக்கறது. யாரு வீடு?"ன்னான். சொன்னேன். சொந்தக்காரன் கேட்டுச் சொல்லாம இருந்தா நல்லாருக்குமா.

இப்பச் சொல்லுங்க. எங்க பால்வாடியில முப்பத்திரண்டு புள்ளைங்க. மாசத்துல ஒரு நாள் எல்லாத்துக்கும் எடை போடோணும், கைக்கொழந்தையில இருந்து. எங்க தராசு உத்தரத்துல கொக்கி போட்டுத் தொங்கறது. வட்ட முகத்துல ஒரு முள்ளு. அதுக்கு அடியில துணித் தூளி கட்டியிருக்கும். தூளியில புள்ளையப் படுக்க வெச்சா முள்ளு நகந்து எடையக் காட்டும். தூளி மெல்லிசு வேட்டித் துணி. அது தொங்கறப்ப முள்ளு சைபர்ல நிக்கற மாதிரி எப்பவோ திருகி வெச்சது. அதுல எல்லாப் புள்ளையும் ஏறி எறங்குது. மூத்திரம் போவுது, கக்குது. அதுலயே இதையும் படுக்க வெக்கறதா? நீங்களே ஒரு தாயி, உங்க புள்ளைய அதுல வெப்பீங்களா? சொல்லுங்க. தலைய ஆட்டறீங்கல்ல. அதத்தான் நானும் நெனச்சேன்.

அதுக்காக வராதேன்னு வெரட்டினேனா? இல்ல. வேற டீச்சரா இருந்தா வெரட்டியிருப்பா. நான் தனித் தூளி தெச்சேன். வீட்டுல பழைய பவானி ஜமுக்காளம் ஒண்ணு கெடந்துச்சு, நல்ல கெட்டி. ஈரம் கீழ சொட்டக்கூடாதுல்ல. ரெண்டா மடிச்சு, நாலு மூலைக்கும் கயிறு போட்டு, ஒரு ஞாயித்துக்கெழம பூரா ஒக்காந்து தெச்சேன். கோணி ஊசி ரெண்டு ஒடஞ்சுது. யாரு செய்வா இதெல்லாம்?

அவளுக்குன்னு தனி நேரமும் குடுத்தேன். "எல்லாரும் போன பொறகு பன்னண்டரைக்கு வா"ன்னேன். அவ நல்லதுக்குத்தான், நாலு பேரு பாத்தா கேப்பாங்கல்ல. வருவா. வாசல்ல நிப்பா. ஆயா குப்பாயி வேட்டித் தூளிய அவுத்துட்டு ஜமுக்காளத் தூளிய மாட்டுவா. நான் சொல்லிப்போட்டேன், நீயே தூக்கி வையி, நீயே எடுத்துக்கோன்னு. எட்ட நின்னு முள்ளப் பாத்து அட்டையில எழுதுவேன். எதுக்கு டீச்சரு இப்படின்னு ஒரு தடவ கூட அவ கேட்டதில்ல. நெஞ்சழுத்தக்காரி. கேட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை நல்லபடியாச் சொல்லியிருப்பேன். எடை முடிஞ்சதும் ஆயா தூளிய ஒரு குச்சியில எடுத்து டெட்டால் தண்ணியில முக்கிப் பின்பக்கம் கம்பியில போட்டுருவா. அடுத்த மாசம் வரைக்கும் அங்கயேதான் கெடக்கும். அத உள்ள கொண்டாந்து வெக்க எனக்கு மனசு வரல.

ஆங், அவரு எறங்கறாரு பாருங்க. உக்காருங்க, உக்காருங்க. இவன் தூங்கிட்டான். இருக்கட்டும், எனக்கொண்ணும் பாரமில்ல.

யாருகிட்டயும் சொல்லலைன்னு சொன்னனுங்களா. ஆயாகிட்டச் சொன்னேன், துணிய அவதானே அலசறா, சொல்லாம இருந்தா பாவம். அப்பறம் கோகிலவாணியோட பக்கத்து வீட்டுக்காரிகிட்ட ஒரு வார்த்தை, அவ வீட்டுலயும் கைக்கொழந்தை இருக்குது. அது எச்சரிக்கை. அது சொன்னதுல சேராது. மார்கழி வாக்குல பாத்தா, பொதுக்கொழாயில கோகிலவாணி கொடத்த வெச்சா மத்தவளுக கொடத்தத் தூக்கிக்கிட்டுத் தள்ளிப் போறாங்க. ஊருக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ. நம்ம ஊரு வாய யாரால மூட முடியும்.

நான் என்ற வேலையச் சரியாச் செஞ்சேன். புரட்டாசியில மூணரை கிலோ. ஐப்பசியில நாலு இருநூறு. கார்த்திகையில நாலு எண்ணூறு. மார்கழியில அஞ்சு இருநூறு. ஒவ்வொரு மாசமும் அட்டையில புள்ளி வெச்சுக் கோடு போட்டேன். ரெண்டு கிலோவுல பொறந்த புள்ளைக்கு அது நல்ல ஏத்தம். பெரியாஸ்பத்திரியில இருந்து ஒரு அம்மா மாசாமாசம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து மருந்து குடுத்துட்டுப் போவா. வீட்டுக்கு வந்தா அக்கம்பக்கம் கேக்கும்னு இவ பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கிக்குவா. அந்த அம்மா நான் எழுதின எடையப் பாத்து எழுதிக்கிட்டுப் போய் டாக்டர்கிட்டக் காட்டுவா. எடைதான் ஏறுதே, ஆறாம் மாசம் ரத்தம் எடுக்கறப்ப நேர்ல வந்தாப் போதும்னு அவங்களும் விட்டுட்டாங்க. என்ற எழுத்து மேல அத்தனை நம்பிக்கை.

கார்த்திகையில ஒரு தடவ கோகிலவாணி வாயத் தொறந்தா. மழை வலுத்த மாசம். "தூளி ஈரமா இருக்குது டீச்சரு, புள்ளைக்குச் சளி"ன்னா. ஒரு துண்ட மேல விரிச்சிக்கோன்னேன். விரிச்சா. எடை பாத்தேன். போறவ வாசல்ல திரும்பி நின்னு, "புள்ளை வெளுத்துக் கெடக்குது டீச்சரு. நாலு வாயி பாலு இழுக்கறதுக்குள்ள அசந்து தூங்கிப் போவுது. எடை சரியாத்தானே இருக்குது?"ன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. நான் எழுதினத நம்பலைன்னுதானே அர்த்தம். "அட்டையப் பாரு, கோடு ஏறுதுல்ல, அதுக்கு மேல என்ன வேணும் உனக்கு"ன்னேன். அட்டையப் பாத்தா. அந்தக் கோட்டு மேல வெரல வெச்சுத் தடவிப் பாத்துட்டு, சரிங்க டீச்சருன்னு போயிட்டா.

தை மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனாளா, அங்க எடை போட்டா நாலு கிலோ நூறு. மார்கழியில அஞ்சு இருநூறு, தையில நாலு நூறு. மொதல்ல அவங்க தராசத்தான் சந்தேகப்பட்டு வேற தராசு கொண்டாந்தாங்களாம். அதுலயும் நாலு நூறு. ஒடம்புல ரத்தமே இல்லையாம். பதினஞ்சு நாள் படுக்க வெச்சு ரெண்டு தடவ ரத்தம் ஏத்தினாங்க. மூச்சு வாங்கி, ஒரு நாள் பொழைக்குமோ பொழைக்காதோன்னு ஆயிருச்சாம். இத்தனைக்கும் நடுவுல அட்டையில எழுதினது யாருன்னு கேட்டு, டாக்டர் எங்க ஆபீசுக்கு எழுதிப்போட்டாரு. அப்படித்தான் இன்னைக்கு விசாரணை.

கேளுங்க, இதுதான் வேடிக்கை. அந்தப் புள்ளைக்கு அந்தச் சீக்கே இல்லையாம். ஆறு வாரத்துலயும் பாத்தாங்களாம், ஆறு மாசத்துலயும் பாத்தாங்களாம், கிருமி இல்லையாம். இன்னைக்கு அந்த டாக்டரு ஆபீசுல ஒக்காந்துக்கிட்டுச் சொல்றாரு. மீசை கூட ஒழுங்கா மொளைக்கல அவருக்கு. நான் விடல. "இல்லாத சீக்குக்கு எதுக்குங்க மருந்து குடுத்தீங்க?"ன்னு கேட்டேன். சரியான கேள்விதானுங்க?

அவரு சொன்னாரு: "அம்மா, சீக்கு வராம இருக்கத்தான் மருந்து. தாயும் தினம் மாத்திரை போட்டாங்க, புள்ளைக்கும் குடுத்தோம், அதனாலதான் கிருமி ஒட்டல. ஆனா கிருமி இருந்த ஒடம்புக்குள்ள, மருந்துக்கு நடுவுல வளந்த புள்ளைங்க இதுங்க. கொஞ்சம் மின்னாடியே பொறக்கும், எடை கம்மியா இருக்கும். சில மருந்து ரத்தத்தக் கொறைக்கும். சளி, பேதி சீக்கிரம் புடிக்கும். பெரும்பாலும் எல்லாம் தேறிரும், பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டா. அதனாலதான் மாசாமாசம் எடை பாக்கச் சொன்னோம். மருந்தோட அளவே எடைய வெச்சுத்தான். நீங்க அஞ்சுக்கு மேல எழுதினதால அளவ ரெண்டு மடங்கா ஏத்திட்டோம். ரத்தம் இல்லாத புள்ளைக்கு." சொல்லிட்டுத் தண்ணி குடிச்சாரு. "நாங்களும் நேர்ல பாத்திருக்கணும், அது எங்க தப்பு"ன்னாரு. கேட்டீங்களா, அவரே ஒத்துக்கிட்டாரு. அத யாரும் எழுதிக்கல, என்னத்தான் எழுதினாங்க.

ஆபீசரம்மா புதுசு. சேலத்துப் பக்கமாம். மெதுவாப் பேசறாங்க, அதுதான் எனக்குப் புடிக்கல. எங்க தராச அங்கயே கொண்டாந்து மாட்டி வெச்சிருந்தாங்க. வேட்டித் தூளியத் தொங்க விட்டாங்க. முள்ளு சைபர். அத அவுத்துட்டு என்ற ஜமுக்காளத் தூளிய மாட்டினாங்க. காலியா. புள்ளை இல்ல, ஒண்ணும் இல்ல. முள்ளு எழுநூறுக்குப் போய் நின்னுச்சு. ஒரு வாளித் தண்ணி கொண்டாரச் சொல்லி அதுல முக்கிப் புழிஞ்சு மறுபடி மாட்டினாங்க. ஆயிரத்து நூறு. மேல ஒரு துண்டப் போட்டாங்க. ஆயிரத்து இருநூறு. தண்ணி மட்டும் சொட்டிக்கிட்டு இருந்துச்சு.

"மழை பேஞ்ச மாசத்துல இந்தத் துணிதான் நனைஞ்சு கனம் ஏறியிருக்குது டீச்சர். நீங்க போட்ட கோடு மழையோட கோடு"ன்னாங்க.

நான் சொன்னேன், துண்டு அவ போட்டதுங்க மேடம். நான் போடல. அந்த நூறு கிராம் என் கணக்குல வராது. ஏன் சிரிக்கறீங்க? உண்மையத்தானே சொன்னேன். தூளி மாத்தினப்ப ஏன் முள்ளச் சைபருக்குத் திருகி வெக்கலைன்னு கேட்டாங்க. இருபத்தேழு வருசமா ஒரே தூளி, திருகவே வேண்டியதில்லாமப் போச்சு, அது எப்படி ஞாபகம் வரும்? ஒரு புள்ளைக்காக மாசாமாசம் திருகிட்டு இருக்க முடியுங்களா?

அப்பறம் அவங்க கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி. "டீச்சர், நீங்க கையில வாங்கினாலே எடை சொல்லிருவீங்கன்னு எல்லா சென்டர்லயும் பேச்சு. இந்தக் கொழந்தைய நீங்க ஒரு தடவ தூக்கியிருந்தா ஒரு கிலோ வித்தியாசம் தெரிஞ்சிருக்காதா?"

தெரிஞ்சிருக்கும். ஒரு கிலோங்கறது எனக்கு மலை. தெரியாம எப்படிப் போகும். ஆனா அது பேச்சே இல்லைங்களே. தராசுன்னு கவருமெண்டு குடுத்திருக்குது, தராசுல போட்டேன். கையில தூக்குன்னு எந்த உத்தரவுல இருக்குது, காட்டச் சொல்லுங்கன்னேன். அவங்க வெளிய இருந்த கோகிலவாணியக் கூப்புடச் சொன்னாங்க.

வந்தா. இடுப்புல புள்ளை. ஒம்பது மாசம் ஆவுது, இப்ப ஆறு கிலோ இருக்கும். எட்டயிருந்தே சொல்லிப்போடலாம். தேறியிருக்குது, கன்னத்துல கொஞ்சம் செகப்பு வந்திருக்குது. ஆபீசரம்மா எந்திரிச்சுப் போய்ப் புள்ளைய வாங்கி, நேரா எங்கிட்டக் கொண்டாந்து நீட்டறாங்க. "வாங்கிப் பாத்துச் சொல்லுங்க டீச்சர், எவ்வளவு இருக்குது?" புள்ளை என்னப் பாத்துக் கையி ரெண்டையும் நீட்டுது. அதுக்கென்ன தெரியும், பச்ச மண்ணு. "எனக்குச் சளி மேடம், கொழந்தைக்கு ஆகாது"ன்னேன். அவங்க நீட்டின கைய இழுத்துக்கிட்டாங்க. அப்பறம் தன்ற மடியில வெச்சிக்கிட்டு ஒக்காந்துட்டாங்க.

இனி அவ ஆரம்பிப்பான்னு நான் மனசக் கெட்டியாக்கிக்கிட்டேன். அழுவா, மார்ல அடிச்சிக்குவா, இந்தப் பாவி என் புள்ளையக் கொல்லப் பாத்தான்னு கத்துவா. எனக்கும் பதில் தயாரா இருந்துச்சு. உன்ற புருசன் யோக்கியதை என்ன, உன்ற யோக்கியதை என்னன்னு கேட்டிருப்பேன். சும்மா விடறவ இல்ல நான்.

ஆபீசரம்மா கேட்டாங்க, "தனித் தூளின்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியுங்க."

"கடைசியா வரச் சொன்னது எதுக்குன்னு?"

"அதுவும் தெரியுங்க. பாட்டில இவங்க கையில பாத்த அன்னைக்கே தெரிஞ்சிக்கிட்டேன்."

"அப்பவே ஏம்மா சொல்லல? ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே."

"சொன்னா எதுக்குத் தனித் தூளின்னு கேப்பாங்கல்லங்க மேடம்"னா. அழல. கத்தல. காச்சலுக்கு மருந்து வாங்க வந்தவ கணக்கா நின்னு பேசறா. அதுதான் எனக்கு நெம்ப எரிச்சல்.

ஆபீசரம்மா பேனாவ எடுத்தாங்க. "இவங்கள வேற சென்டருக்கு மாத்திட்டு உங்க ஊருக்கு வேற டீச்சரப் போடறேன். நீ ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும்"னாங்க. என்ற கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ரிட்டையர் ஆக மூணு வருசம் இருக்குதுங்க, இந்த வயசுல எந்தக் காட்டுக்குப் போறது. முட்டி ரெண்டும் ஒத்துழைக்கறதில்ல.

அவ வேண்டாங்கன்னுட்டா.

நெசமாத்தான். மூணு தடவ கேட்டாங்க, மூணு தடவயும் வேண்டாங்கன்னா. காரணம் சொல்லும்மான்னாங்க. தரையப் பாத்துக்கிட்டே சொன்னா: "புதுசா ஒரு டீச்சர் வந்தா அவங்களுக்கும் தெரியும்ங்க மேடம். எப்படியும் தெரிஞ்சிரும். அப்பறம் அவங்க யாருகிட்டயாவது சொல்லுவாங்க. மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். இவங்க தெரிஞ்சிக்கிட்டு, எல்லார்கிட்டயும் சொல்லி, முடிச்சிட்டாங்க. இனிச் சொல்றதுக்கு இவங்களுக்கு ஆளில்ல. இவங்களே இருக்கட்டும். தராச மட்டும் சரியாத் திருகி வெக்கச் சொல்லுங்க."

அந்த டாக்டரு எந்திரிச்சு சன்னல் பக்கம் போயிட்டாரு. ஆபீசரம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டுக் காகிதத்த மூடிட்டாங்க. எனக்கு எச்சரிக்கை மட்டும் போட்டு அனுப்பிட்டாங்க.

பாத்தீங்களா அம்மிணி. கடைசியில அவ வாயாலயே நான்தான் வேணும்னு சொல்லிட்டா. அத்தனை பேருக்கு முன்னால. இதுக்குப் போய் என்ன இழுத்தடிச்சு, ஒரு நாள் பூரா ஒக்கார வெச்சு. அவளுக்கே என்ற அருமை தெரியுது, ஆபீசுக்குத் தெரியல. அவ சொன்னதக் கேட்டு ஏன் கண்ணத் தொடைக்கோணும், எனக்குப் புரியல. நல்லதுதானே சொன்னா? வெளிய வந்தப்ப நானே போய்ப் பேசலாம்னு பாத்தேன். அவ பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விறுவிறுன்னு போயிட்டா. இந்த பஸ்ஸுல ஏறினவதான், என்னப் பாத்ததும் எறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்னுட்டா.

ஏனுங்க, ஏன் புள்ளைய எடுக்கறீங்க? தூங்கறான்ல, இருக்கட்டுமே. உங்க ஸ்டாப்பு இன்னும் வரலைங்களே. எழுப்பாதீங்க, அழுவான் பாருங்க. அழறான். குடுங்க, எங்கிட்டக் குடுத்தா நிறுத்திருவான்.

எதுக்கு எந்திரிச்சுப் போறீங்க? சளியா? எனக்குச் சளியெல்லாம் இல்லைங்க, அது ஆபீசுல சும்மா சொன்னது. பின்ன என்ன? ஓ. அதுக்கா. அம்மிணி, நில்லுங்க. அம்மிணி. நான் அந்தப் புள்ளையத் தொட்டதே இல்லைங்க. அது பொறந்ததுல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு வெரலு கூட மேல வெச்சதில்ல. சத்தியமாச் சொல்றேன்.